ராசம்மா நின்ற படம்

மண் சரிந்து ஆறு வாரம் ஆகியும் ஜெயந்தினியின் ஸ்டூடியோவுக்கு ஆட்கள் படம் கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். தோட்டத்து லய வீட்டு வரிசையோடு சேர்ந்து ஆல்பமும் மண்ணுக்குள் போனவர்கள். மாலை போட்டு வைக்க ஒரு முகம் வேண்டும், அவ்வளவுதான். ராகலை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, மேல்மாடியில் இருக்கும் அந்த ஸ்டூடியோவை அவளும் கணவர் சுந்தரலிங்கமும் பதினாறு வருடமாக நடத்துகிறார்கள். சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், சடங்கு, காதுகுத்துப் படங்கள் எல்லாம் அவர்களிடம் இருந்தன. மழைக்குப் பிறகு விசேஷங்கள் நின்றுபோனதால் சுந்தரலிங்கம் மரக்கறி லொறி ஓட்டப் போய்விட்டார். தேடுகிற வேலை முழுக்க ஜெயந்தினியின் தலையில் விழுந்தது.

படங்கள் எல்லாம் ஒரே பழைய டிஸ்க்கில் இருந்தன. அதைப் பின்னறைக்கும் முன்னால் உள்ள கணினிக்கும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒருநாள் அது டிக் டிக்கென்று சத்தம் போடத் தொடங்கியது.

"இனி அதை நம்பாதீங்க அண்ணி," என்றான் பிரதீபன், போனில். கொழும்பில் கணினி வேலை பார்க்கும் கொழுந்தன் அவன். "புது டிஸ்க் ஒண்ணு வாங்கி, பின்னறையில லினக்ஸ்ல ஓடுற கம்ப்யூட்டர் மெசினுக்கு உள்ளேயே மாட்டிருங்க. நெட்வேர்க்ல விட்டா முன்னால இருந்தே பாக்கலாம். தூக்கிட்டு நடக்க வேண்டியதில்ல."

"நீ வரமாட்டியா?"

"பாதை இருக்கிற இருப்பில லீவு எடுத்தும் வர முடியாது அண்ணி. சொல்றேன், நீங்களே செய்யலாம்."

வியாழக்கிழமை மதியம் கதவைச் சாத்திவிட்டு மெசினைக் கழற்றினாள். உள்ளே விரல் கனத்துக்குத் தூசி. டிஸ்க்கைத் திருகாணி போட்டு இறுக்கி, கரண்டுக்கு ஒரு வயர், தகவலுக்கு ஒரு வயர் என்று செருகுவதற்குள் தகரம் கையைக் கீறிவிட்டது. மெசினைப் போட்டதும் இரண்டு டிஸ்க்குகள் பட்டியலில் வந்தன. சின்னது லினக்ஸ் இருப்பது, பெரியது வெறும் புதுசு.

"பேரை ரெண்டு தடவை வாசிச்சிட்டு பார்மட் பண்ணுங்க. மாறிச்சுன்னா மெசினே போயிரும்," என்றான் பிரதீபன் போனில்.

அவள் மூன்று தடவை வாசித்தாள். பிறகு 'படங்கள்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, புது டிஸ்க்கை அதோடு இணைத்து, பாஸ்வேர்ட் வைத்து நெட்வேர்க்கில் விட்டாள். முன்கணினியில் ஃபோல்டர் தெரிந்தது. ஆனால் உள்ளே எதையும் போட விடவில்லை. அனுமதியைச் சரிசெய்ய இன்னும் ஒரு மணிநேரம் போனது. எல்லாம் முடிந்தபோது சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பழைய டிஸ்க்கில் இருந்து படங்கள் வருட வரிசையில் ஏறத் தொடங்கின. சனிக்கிழமை, 2021ஆம் வருடத்துப் படங்கள் பாதி ஏறியிருந்தபோது, டிக் டிக் சத்தம் நின்றது. அதன்பிறகு அந்த டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை அழகுமுத்து வந்தார். மண்ணில் மனைவி ராசம்மாவைப் பறிகொடுத்தவர். ஏற்கெனவே மூன்று தடவை வந்து திரும்பியவர். அவரை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு ஜெயந்தினி முன்கணினியில் ஃபோல்டரைத் திறந்தாள்.

ஒன்றுமில்லை. ஒரு படம்கூட இல்லை.

மூடித் திறந்தாள். வெறுமைதான். அழகுமுத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்ணே," என்று பின்னறைக்குப் போய்ப் பிரதீபனை அழைத்தாள். இரண்டாம் தடவைதான் எடுத்தான்.

"தம்பி, எல்லாம் போச்சு."

"அழாதீங்க அண்ணி. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போச்சா?"

"போய் வந்துச்சு."

"டிஸ்க் பட்டியலைப் பாருங்க. பெரிசு தெரியுதா?"

"தெரியுது."

"அதுக்கு நேரா ஃபோல்டர் பேரு இருக்கா?"

"இல்ல."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "படம் எங்கயும் போகல. மெசின் மறுபடி ஓடினப்ப டிஸ்க் ஃபோல்டரோட சேரல, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் தானா சேரணும்னா ஒரு ஃபைல்ல ஒரு வரி எழுதி வைக்கணும். அன்னிக்கே சொல்ல மறந்துட்டேன். என் பிழைதான்."

"எனக்கு உயிர் போய் வந்துச்சு தம்பி."

அவன் சொல்லச் சொல்ல அந்த வரியை எழுதி, டிஸ்க்குக்கு என்றே இருக்கும் நீளமான எண்ணை அதில் சேர்த்தாள். ஓர் எழுத்துப் பிசகினாலும் மெசின் ஓடாமல் போகலாம் என்று அவன் பயமுறுத்தியதால் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள். மெசினை நிறுத்திப் போட்டாள். முன்கணினிக்கு வந்து ஃபோல்டரைத் திறந்தபோது வருடங்கள் வரிசையாக நின்றன.

"எங்க வீட்டில கல்யாணம் ஒண்ணும் வைக்கல தங்கச்சி," என்றார் அழகுமுத்து. "அவளுக்கும் படம் எடுக்கிறது பிடிக்காது. ஐடென்டி கார்டும் மண்ணுக்குள்ள."

"மத்தவங்க கல்யாணத்துக்குப் போயிருப்பாங்கல்ல?"

"பக்கத்து வீட்டுப் பூரணி கல்யாணத்தில சாப்பாடு போட நின்னா. கொரோனாவுக்கு முந்தின வருஷம்."

2019. ஆயிரத்துக்கு மேல் படங்கள். மாப்பிள்ளை, பெண், மாமா, மச்சான், மறுபடி மாப்பிள்ளை. இரண்டு பேரும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பந்திப் படங்களில் ஓரிடத்தில் அழகுமுத்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"இவதான்."

சாம்பார் வாளியோடு ஒரு பெண். அடுத்த படத்தில் அவள் நிமிர்ந்து கெமராவைப் பார்த்து, கையை நீட்டியிருந்தாள்.

"எடுக்காதேங்கிறா," என்றார் அவர்.

ஜெயந்தினி முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாள். மூக்கும் கண்ணும் மங்கிக் கரைந்தன. படத்தில் கன்னத்தை மறைத்த விரல்களை அழித்துவிட்டுப் பார்த்தாள். அழகுமுத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது அவ மாதிரி இல்லயே தங்கச்சி."

"இதுக்கு மேல தெளிவா வராதுண்ணே."

"அப்ப முழுசாவே குடுங்க. வாளியோட."

அப்படியே அச்சடித்தாள். அவர் மையின் ஈரம் காயும்வரை நின்று, படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

பின்னேரம் சுந்தரலிங்கம் சேற்றுக் காலோடு வந்தார். பழைய டிஸ்க்கோடு தொலைந்த, 2021 பாதிக்குப் பிந்திய வருடங்களைப் பற்றிச் சொன்னாள். அந்தப் படங்களில் கொஞ்சம் அவருடைய லெப்டொப்பில் இருந்தன. மற்றவை இல்லை.

"படம் கேட்டு வந்தவங்ககிட்ட சொல்லணுமே," என்றார் அவர், தலையைத் துவட்டியபடி.

"நான்தான் சொல்லணும். வாங்கன்னு சொன்னது நான்தானே."

முதலில் நாகலெட்சுமியை அழைத்தாள். மண்ணில் போன தங்கையின் கல்யாணப் படத்துக்காக வலப்பனையில் இருந்து வருவதாகச் சொல்லியிருந்தவள். 2022 கல்யாணம். ஜெயந்தினி சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஏசுவாள் என்று போனைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தாள்.

"சரிக்கா," என்றது அந்தக் குரல். "நீங்க எவ்வளவோ தேடிட்டீங்க. பரவால்ல."

போனை வைத்த பிறகு, அடுத்த எண்ணை அழுத்த அவளுக்கு வெகுநேரம் ஆனது.