மச்சான் கட்டின பட்டை

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? முட்டி வலி, முதுகு வலின்னு இருக்கறவங்க ஒரு தலகாணிய முட்டுக் குடுத்து சாஞ்சுக்கோங்க. ஒரு கட்டிங் மாஸ்டர் பட்ட பாட்டைச் சொல்றேன்.

துணி தைக்கிற கம்பெனில இருபத்தாறு வருஷமா வெட்டற மேசை அவருதுதான். அவரு சாக்பீஸால கோடு இழுத்தா ஸ்கேலே தேவையில்ல. அந்த வலது கைதான் ஒரு வருஷமா நடுங்குது. நரம்பு டாக்டரம்மா பார்க்கின்சன்னு சொல்லி மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. கம்பெனி மேனேஜரு, "டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க மாஸ்டர், அப்புறம் கத்திரியத் தொடலாம்"னுட்டாரு.

டாக்டரம்மா வாட்ச் மாதிரி ஒரு பட்டையக் குடுத்தாங்க. "கை எவ்ளோ நடுங்குது, எப்படி நடக்கறீங்கன்னு இது குறிச்சு வச்சுக்கும். ஒரு வாரம் கட்டியிருங்க. மாத்திரை போடறப்ப மட்டும் இந்தப் பொத்தான அமுக்குங்க."

மொத நாளே கம்பெனில வரிசையில நின்னு தண்ணி பிடிச்சாரு. டம்ளர் தாளம் போட்டுச்சு. நாலு பேரு பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டாங்க. மனுஷன் கூனிக்குறுகிப் போயிட்டாரு. 'கண்ணுக்கே இப்படித் தெரியுதுன்னா, பட்டை என்ன எழுதும்? அப்புறம் லெட்டர் எங்க கிடைக்கும்?'

நேரா மச்சான் வீட்டுக்குப் போனாரு. பொண்டாட்டிக்குத் தம்பி, தெருத்தெருவா நடந்து கூரியர் குடுக்கறவன்.

"என்ன அத்தான், என் கல்யாணத்துக்கே வாட்ச் போடல, இப்ப பாசம் பொங்குதா?"

"வாய மூடிட்டுக் கட்டுடா. மாத்திரை நேரத்துக்குப் பொத்தான அமுக்கு, போதும்."

"மாத்திரையும் நான்தான் முழுங்கணுமா?"

"அத நான் முழுங்கிக்கறேன். உங்கக்காவுக்குத் தெரிஞ்சா அவ நம்ம ரெண்டு பேரையும் முழுங்கிடுவா."

கை நடுங்கறத மறைக்க மாஸ்டர் எப்பவுமே முழுக்கை சட்டைதான். அதனால பட்டை இல்லாதது பொண்டாட்டி கண்ணுல படல.

ஒரு வாரம் கழிச்சு, மச்சான் கையாலயே பட்டைய மாட்டிக்கிட்டு, பொண்டாட்டியோட டாக்டர் முன்னாடி உக்காந்தாரு. டாக்டரம்மா பட்டைய வாங்கி கம்ப்யூட்டர்ல மாட்டுனாங்க. திரையில ஒரு கோடு, குளத்துத் தண்ணி மாதிரி அசையாம கெடந்துச்சு.

"மாத்திரைக்கு முன்னாடியும் நடுக்கம் இல்ல, பின்னாடியும் இல்ல. அப்ப மாத்திரை இவ்ளோ வேண்டாம் போலிருக்கே. பாதியாக் குறைச்சுப் பார்ப்போம்."

பொண்டாட்டிக்குக் கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. மேசைக்கு அடியில அவரோட வலது கையப் புடிச்சாங்க. அது அவங்க உள்ளங்கைக்குள்ளயே நடுங்கிச்சு. "சந்தோஷத்துல உதறுதும்மா"ன்னு டாக்டர்கிட்ட அவங்களே சமாதானம் சொன்னாங்க.

மாஸ்டருக்கு அந்த நாற்காலியிலேயே புதைஞ்சு போயிடலாம் போல இருந்துச்சு. எந்திரிச்சு வெளிய வந்துட்டாரு.

வராந்தால அந்தம்மா தம்பிக்குப் போன் போட்டாச்சு. "டேய், உங்கத்தானுக்கு ஒண்ணுமே இல்லையாம்டா. நான் வேண்டினது வீண் போகலடா." அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம். "என்னடா, லைன்ல இருக்கியா?"

அதுக்கு மேல அவரால நிக்க முடியல. திரும்பி உள்ள போனாரு. காலு வாசப்படியில ஒட்டிக்கிச்சு, இது வேற புதுசா ஒரு மாசமா. கதவப் புடிச்சுக்கிட்டே சொன்னாரு. "டாக்டரம்மா, அது என் கை இல்ல. என் மச்சான் கை."

டாக்டரம்மா திரையில நடந்த கணக்க எடுத்துப் பார்த்தாங்க. "வெட்டற மேசையில நிக்கறவரு தினம் எப்படி பதினாலாயிரம் அடி நடந்தாருன்னு நான்தான் கேட்டிருக்கணும். மாத்திரையக் குறைச்சிருந்தா கீழ விழுந்திருப்பீங்கய்யா."

பின்னாடி பொண்டாட்டி, போனு கையிலேயே இருக்க, நின்னுட்டு இருந்தாங்க. அவரால திரும்பிப் பார்க்க முடியல. வேற யாரு முன்னாடி தலைகுனிஞ்சாலும் பரவாயில்ல, இவங்க முன்னாடியான்னு இருந்துச்சு அவருக்கு.

டாக்டரம்மா பழைய கோட்ட அழிச்சுட்டு, பட்டைய மறுபடி நீட்டுனாங்க. கொக்கிய மாட்டப் பார்த்தாரு, விரலு நிக்கல. ரெண்டு தடவ, மூணு தடவ.

"குடுங்க இங்க"ன்னு வாங்கி பொண்டாட்டி மாட்டுனாங்க. கொஞ்சம் இறுக்கியே மாட்டுனாங்க. பஸ் ஸ்டாப்புக்கு வந்துதான், "என்கிட்டகூடவா மறைச்சீங்க?"ன்னாங்க.

மறுநாள் கம்பெனில, மாஸ்டர் வலது கை சட்டைய முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டுட்டுத் தண்ணி வரிசையில நின்னாரு. டம்ளர் தாளம் போட்டுச்சு. காது சிவந்துச்சு, ஆனா கைய மறைக்கல. மேனேஜருக்கு லெட்டர் எப்படி வரும்னு இன்னும் தெரியாது.

உங்க வீட்டுலயும் டாக்டர்கிட்ட இப்படி யாராவது எதையாவது மறைச்சிருக்காங்களா? வெக்கப்படாம எனக்கு எழுதுங்க.