மூன்றாவது சிவப்பு வயர்

'தினமும் காலை பதினொன்று பத்துக்கு யாரும் பட்டனை அழுத்தாமலே லிஃப்ட் நாலாவது மாடிக்குப் போகிறது. கதவைத் திறந்துகொண்டு யாருக்கோ காத்திருக்கிறது. பிறகு மூடிக்கொள்கிறது.'

புகார்ச் சீட்டில் இப்படித்தான் எழுதியிருந்தது. மெக்கானிக் அதை இரண்டு முறை படித்தான். விலாசத்தை ஒரே ஒரு முறைதான். உடனே சீட்டை மடித்துவிட்டான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய அத்தான், அக்காவின் புருஷன், செத்துப்போனது அந்தக் கட்டடத்தில்தான். அதே லிஃப்ட். அதே நாலாவது மாடி.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே அக்கா வந்தாள். அத்தான் போனபிறகு லிஃப்ட் கம்பெனி அவர் வேலையை அவளுக்குக் கொடுத்தது. ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் வந்தவள், இன்று கம்பெனியிலேயே கைதேர்ந்த ஆள்.

"வேற யாரையாவது அனுப்பச் சொல்லலாம்க்கா."

"ஏன், அவரு வந்து கழுத்தைப் பிடிப்பாருன்னா? உயிரோட இருந்தப்பவே என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மனுஷன். வாடா!"

சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கட்டடத்து வாட்ச்மேன் மொட்டைமாடிச் சாவியை நீட்டியதோடு சரி. "நீங்க போங்க. நான் பின்னாடியே படியில..." என்றவர், நின்று யோசித்து, "நான் வரவே இல்ல சார்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா நாலாவது மாடியில் நின்றுகொண்டாள். அவன் மட்டும் மேலே, மெஷின் ரூமுக்கு.

கிரீஸ் வாடை. ஆளுயரக் கண்ட்ரோல் போர்டு. ஆணியில் தொங்கும் அதே பழைய பராமரிப்பு நோட்டு. எதையும் நிமிர்ந்து பார்க்காமல் வேலையைத் தொடங்கினான்.

எந்த மாடிக் கதவில் கோளாறு என்று கண்டுபிடிக்க, போர்டில் அங்கங்கே துண்டு வயரை இணைப்பார்கள். கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்று லிஃப்டை நம்பவைக்கும் பொய் வயர் அது. சோதனை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மறந்தால் எமன். கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகரும்.

அன்று அவன் மறந்தான்.

அத்தான் ஒரு கால் லிஃப்டுக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றுகொண்டிருந்தார். அவன் மெயின் ஸ்விட்சைப் போட்டான். அலறல் கேட்டு ஆட்கள் மேலே ஓடிவருவதற்குள் வயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். அன்று சாயந்திரமே அதைச் சாக்கடையில் வீசினான். நோட்டில் அவன் கையாலேயே எழுதினான்: 'கதவு ஸ்விட்ச் பழுது.' ஊரே நம்பியது. அக்காவும்தான்.

அதற்குப்பின் அவன் எந்த வேலைக்குப் போனாலும் சட்டைப் பையில் சரியாக மூன்று சிவப்பு வயர்கள். மெயினைத் தொடுமுன் பையில் கைவிட்டு எண்ணுவான். மூன்றும் இருந்தால் போர்டில் எதுவும் இல்லை என்று அர்த்தம். கம்பெனியில் அவனுக்கு 'எண்ணிக்கை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். வேலையில் அத்தனை கவனமாம்! போர்டை முழுசாக நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல்தான் பையை எண்ணுகிறான் என்பது யாருக்குத் தெரியும்?

இன்றும் வயரைப் போட்டுப் பார்த்து, கோளாறு நாலாவது மாடியில்தான் என்று அக்காவுக்குச் சொல்லி மெயினை அணைத்திருந்தான். வாக்கி-டாக்கி கரகரத்தது. "நாலாவது மாடிக் கதவு ரோலர்தான்டா தேஞ்சிருக்கு. மாத்திட்டேன். ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய வச்சு நிக்கிறேன். பவரைப் போடு, ஓடுதான்னு பாக்கலாம். கதவு திறந்துதானே இருக்கு, நகராது."

பையில் கைவிட்டான். ஒன்று. இரண்டு. மூன்று.

சரி.

மெயினில் கை வைத்தான்.

அந்த மூன்றாவது வயர் ஏன் அப்படிச் சில்லென்று இருந்தது?

வெளியே எடுத்தான். சொட்டுச் சொட்டாகக் கருப்புத் தண்ணீர் வடிந்தது. சிவப்பு வெளுத்துப்போயிருந்தது. நுனியில் கருப்பு டேப், இடமிருந்து வலமாக நாலு சுற்று. அத்தான் ஒருவர்தான் அப்படிச் சுற்றுவார். அன்று அவசரத்துக்கு அவர் பையிலிருந்து எடுத்த வயர். சாக்கடையில் வீசிய வயர்.

பையில் அவனுடையவை இரண்டுதான் இருந்தன.

அப்படியானால் இன்னொன்று?

ஏழு வருஷத்தில் முதல்முறையாக நிமிர்ந்து போர்டை முழுசாகப் பார்த்தான். நட்ட நடுவில், புத்தம் புதுச் சிவப்பில், அவன் வயர்.

"என்னடா, தூங்கிட்டியா? மணி பதினொன்னு பத்து ஆகுது. பேய் வர்ற நேரம்!"

"அக்கா! காலை எடு! வெளிய வா!"

"பவரே போடலியே, எதுக்கு..."

"எடுக்கா!"

மெயினிலிருந்து கையை உதறிக்கொண்டான். கீழே எங்கோ கதவு மெதுவாக, மிக மெதுவாக உராயும் சத்தம். பிறகு படிகளில் காலடி. அக்கா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"நான் காலை எடுத்ததும் கதவு தானா மூடிச்சுடா. பவர் போட்டியா?"

"இல்லக்கா."

அவள் கண் போர்டுக்குப் போனது. அங்கே தொங்கிய வயருக்கு. அப்புறம் அவன் கையிலிருந்த ஈர வயருக்கு. டேப் சுற்றியிருந்த நுனியை விரலால் தடவினாள்.

"இது அவரோடது."

"அன்னைக்கு ஸ்விட்ச் பழுதாகலக்கா. நான்தான்... கழட்ட மறந்துட்டேன்."

அழுவாள் என்று நினைத்தான். அடித்தால்கூடத் தேவலை. அவள் அந்த வயரை வாங்கி மெஷின் மேல் வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏழு வருஷம் என் கையால போட்ட சோத்தைச் சாப்பிட்டிருக்க."

"அக்கா..."

"இப்போ நான் செத்திருந்தா, எனக்கும் ஸ்விட்ச் பழுதுன்னுதான் எழுதியிருப்ப. இல்ல?"

அவன் கண் ஆணியில் தொங்கிய நோட்டுக்குப் போனது.

ஆணியிலிருந்து நோட்டை எடுத்தாள். தூசியை ஊதி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். "எழுது."

"என்னன்னு?"

"நடந்ததை. அடுத்து இங்க வர்றவன் படிக்கணும். பாக்கெட்டை எண்ணாதே, போர்டைப் பாருன்னும் எழுது. அன்னைக்கே எழுதியிருந்தா இன்னைக்கு நானே மேல வந்து ஒருதரம் பாத்திருப்பேன்டா."

பழைய வரியை அடித்தான். எழுதினான்.

"கையெழுத்துப் போடு. இதை நானே கம்பெனிக்கு எடுத்துட்டுப் போறேன்."

"வேலை போயிடும்க்கா."

"போகட்டும்."

அவள் போர்டிலிருந்த வயரைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு, மெஷின் மேல் இருந்ததை எடுக்கத் திரும்பினான். அங்கே வயர் இல்லை. அது கிடந்த நீளத்துக்கு ஈரம் மட்டும், அதுவும் காய்ந்துகொண்டிருந்தது.

கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தினான். நிமிர்ந்து, போர்டை மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தான்.

"எதுவும் இல்லக்கா."

"தள்ளு. நானும் பாக்கறேன்" என்றாள் அக்கா.