அக்கா தூக்கிய பேருந்து

முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர் செக்கர். தூங்குவதுபோல் நடிப்பவன் எந்த ஸ்டேஷனில் ஏறினான் என்பதைக் குறட்டையின் சுருதியை வைத்தே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றபின், சலவைக் கடை மாடியில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் நடத்தினார்.

"அவங்கவங்க வீட்டு வழக்கத்தை எழுதிட்டு வாங்க. சுவத்துல ஒட்டுவோம்" என்றார் ஒருநாள்.

நாலு மாதமாக வரும் கண்ணாடிக்காரர் நோட்டை நீட்டினார். ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துவது அவர் தொழில், வயது ஐம்பத்தைந்து.

'எங்கள் வீட்டில் பிறந்தநாள் வந்தால் ஆளுக்கொரு பொய் சொல்ல வேண்டும். பிறந்தநாள்காரர் சிரித்த பிறகுதான் சாப்பாடு.'

"இதெல்லாம் ஒரு வழக்கமாய்யா?"

"தாத்தா காலத்துலேருந்து சார். எங்க சித்தப்பா ஒரு வருஷம் சிரிக்கவே இல்ல. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் பட்டினி."

வரும் ஞாயிறு அவருடைய அக்காவுக்கு அறுபது. அக்காவுக்குக் காது போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. போன பிறந்தநாளில் மற்றவர்கள் எழுதிக் காட்டினார்கள். பிள்ளைகளுக்குப் பசிக்குமே என்று அக்கா உதட்டை மட்டும் விரித்தாள்.

"அது சிரிப்பே இல்ல சார். அக்கா எம் பொய்க்குத்தான் வாய்விட்டுச் சிரிக்கும். அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன்."

எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். 'சின்ன வயதில் நான் தொலைந்தபோது, அக்கா பேருந்தைத் தூக்கி அடியில் தேடினாள்.'

செக்கரின் சிவப்புப் பேனா சும்மா இருக்குமா? 'பேருந்தைத் தூக்கி'யை அடித்து, 'குனிந்து பேருந்தின்' என்று போட்டார். நல்ல மாணவர், திருத்தியதை ஏழு தடவை எழுதிப் பழகினார்.

ஞாயிற்றுக்கிழமை செக்கரையும் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். முப்பது பேர் மூடிய பாத்திரங்களைச் சுற்றி நின்றார்கள். அக்கா காகிதத்தைப் படித்தாள்.

"ஆமாடா, குனிஞ்சுதான் தேடினேன். முட்டியெல்லாம் சேறு" என்றாள். கண் கலங்கியது. சிரிப்பு வரவில்லை.

அக்காவின் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்ன மச்சான், உண்மையையா எழுதிட்டு வந்தீங்க? குடும்ப மானமே போச்சு."

கண்ணாடிக்காரர் வாத்தியாரைக் காட்டிக்கொடுக்காமல் நின்றார். செக்கருக்குத்தான் பொறுக்கவில்லை.

"நான்தாங்க திருத்தினேன். நீ எழுதுய்யா. இனிமே நான் வாயே திறக்கல."

கண்ணாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து, கண்ணாடியில் குறிபோடும் மெழுகுப் பென்சிலை எடுத்து ஜன்னலருகே போனார். பார்த்து எழுத எதுவும் இல்லை. முதல் எழுத்துக்கே முழங்கை நீளம். ஒவ்வொரு எழுத்தும் முடியும்வரை முப்பது பேரும் மூச்சை உள்ளேயே வைத்திருந்தார்கள். அழுதுகொண்டிருந்த குழந்தை, அப்புறம் அழுதுகொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. தெருவில் போன பால்வண்டிக்காரர் சைக்கிளை நிறுத்தினார். அவருக்கு எல்லாம் இடம் வலம் மாறித்தான் தெரிந்திருக்கும், இருந்தும் போகவில்லை.

'அக்கா பேருந்தைத் தூக்கினாள். உள்ளே நாற்பது பேர். ஒருவர்கூட விழிக்கவில்லை.'

இரண்டு பிழைகள். செக்கர் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டார். எழுதியது, நாலு மாதம் முன்பு பென்சிலைத் திருப்புளி மாதிரிப் பிடித்த கை.

அக்கா மெதுவாகப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு தம்பியை முறைத்தாள்.

"நாப்பது இல்லடா, நாப்பத்தொண்ணு. கண்டக்டரை விட்டுட்டே."

முதலில் தோள்தான் குலுங்கியது. சத்தம் பின்னால் வந்தது, அறைக்குக் கொள்ளாத சத்தம்; அது தனக்கே கேட்காமல் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். தான் எழுந்து நிற்பது செக்கருக்கே தெரியவில்லை. யாரோ அவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார்கள்.