அந்த ஹீட்டர் இருக்கா?

ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டுவேன் தன் பழைய டீசல் பிக்கப்பை என் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். பானெட்டைத் தூக்கிவிட்டு, "மார்லிஸ், அந்த டீசல் ஹீட்டரைக் கழட்டிடு" என்றான்.

வடக்கு டகோட்டாவில் டீசல் வண்டி வைத்திருக்கிற எவனும் அதைக் கழற்றச் சொல்லமாட்டான். கெட்டுப்போனால் புதுசு போடச் சொல்வான். ஜனவரிக் குளிரில் இங்கே டீசலே மெழுகாகக் கட்டிக்கொள்ளும். ஃபில்டர் கூட்டுக்குள் இருக்கிற அந்தச் சின்ன ஹீட்டர்தான் அதை இளக்கி எஞ்சினுக்கு அனுப்பும். அதைக் கழற்றுகிறவன் குளிர்காலத்துக்கு இந்த ஊரில் இருக்கப்போவதில்லை.

"எங்கே போறே?"

"தெற்கு டெக்சாஸ். குழாய் பதிக்கிற வேலை. சனிக்கிழமை கிளம்பறேன். அங்கே இது எதுக்கு? ஒழுகுது வேற, அடிக்கடி ஃப்யூஸும் போகுது."

பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டில் மாவுருண்டை போட்ட நெஃப்லா சூப் குடித்துவிட்டு, கிண்ணத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிற மனுஷன். எங்களைப் பற்றி ஊரே பேசியது. நாங்கள் இரண்டு பேர்தான் பேசவில்லை. எனக்கு நாற்பத்தாறு, அவனுக்கு நாற்பத்தொன்பது. இனிமேல் பேச என்ன இருக்கிறது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன், அவனும் கல்லுளிமங்கன்.

ஆர்லோ அப்போதும் அங்கே இருந்தார். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் பட்டறை ஸ்டூலும் என் காபியும் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. "ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு இப்படிச் சிலையா நின்னா எப்படிம்மா?" என்றார்.

"நிக்கல, யோசிக்கறேன். நீங்க காபியைக் குடிங்க."

பாட்டரி ஒயரைப் பிரித்தேன். கூட்டிலிருந்த டீசலைத் தட்டில் வடித்தேன். ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினால், பிளாஸ்டிக் கருகிப் பழுப்பாக இருந்தது. நாலு திருகுகள். மூன்று சுலபமாக வந்தன. நாலாவது அசையவில்லை.

டுவேன் என் தோளுக்கு மேலாக டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு என் காதில் பட்டது. "வரலைன்னா விட்டுடேன், மார்லிஸ்" என்றான் மெதுவாக.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இருபத்தஞ்சு வருஷமா திருகு கழட்டறேன், எனக்கா வராது? தள்ளு!" என்று எரிந்து விழுந்தேன். எண்ணெய் விட்டு, தட்டி, முறுக்கி, எடுத்தே விட்டேன். பெரிய சாதனை! ஹீட்டர் இருந்த இடத்தில் ஒரு மூடித் தகட்டை வைத்துப் பூட்டி, டீசல் லைனில் அடைந்திருந்த காற்றை வெளியேற்றினேன். முதல் சாவியிலேயே வண்டி கிளம்பியது. வேலை சுத்தமாக இருந்தால் வருகிற சந்தோஷம் அன்றைக்கு வரவில்லை.

"இதை எடுத்துட்டுப் போ" என்று ஹீட்டரை நீட்டினேன்.

"தூக்கிப் போட்டுடு" என்றான்.

போய்விட்டான். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

அறுவடை முடிந்தது, பனி விழுந்தது. ஞாயிறு தவறாமல் இரண்டு பேருக்குச் சூப் வைத்து, மிச்சத்தைத் திங்கட்கிழமை நானே குடித்தேன். ஹீட்டர் பட்டறை ஜன்னலுக்கு மேல் அலமாரியில் கிடந்தது. திருகுகள் நாலையும் டேப்பில் சுற்றி அதன் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அவன் அனுப்பியது மொத்தமே இரண்டு படம். இரண்டிலும் அரைக்கைச் சட்டை, பளீர் வெயில். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அதே படங்களைத் தினமும் எடுத்துப் பார்த்ததும் நான்தான். அவன் இல்லாமல் எனக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.

நவம்பரில் ஒருநாள் அந்த ஹீட்டரை இறக்கி, புது பிளக்கும் ரப்பர் வளையமும் போட்டுச் சரி பண்ணினேன்.

"வண்டியே இல்லை, யாருக்கு ரிப்பேர்?" என்று கேட்டார் ஆர்லோ.

"கை சும்மா இருக்கு, அதான்."

"கை மட்டுமா?" என்றார்.

ஜனவரி நடுவில், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி காட்டிய ஒரு காலையில் ஃபோன் அடித்தது.

"மார்லிஸ், வண்டி நின்னுடுச்சு."

"டெக்சாஸ்ல நின்னா நான் என்ன பண்ணட்டும்?"

"டெக்சாஸ்ல இல்லை. நம்ம ஊருக்கு வர்ற வழியில, ஜேம்ஸ்டவுன் தாண்டி வடக்கே நாப்பது மைல்ல இருக்கேன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "டீசல் எங்கே போட்டே?"

"ஒக்லஹோமாவுல. ரெண்டு டாங்கையும் நிரப்பிட்டேன்."

"குளிருக்குத் தாங்காத தெற்கத்தி டீசலையா? ஹீட்டரும் இல்லாம? இங்கேயே பொறந்து வளர்ந்தவன்தானே நீ! மூளையை அங்கேயே கழட்டி வச்சுட்டு வந்தியா?"

"நடுவுல நிறுத்த மனசு வரல" என்றான். "மார்லிஸ், அந்த ஹீட்டர் இருக்கா?"

டாங்க் முழுக்க உறைந்துபோன டீசலை அந்த ஹீட்டரால் இளக்க முடியாது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"இருக்கு" என்றேன்.

இழுவைச் சங்கிலி, புது ஃபில்டர், குளிர்கால டீசல் இரண்டு கேன் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினேன். ஹீட்டரை மட்டும் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன். ஆர்லோ பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய்ப் பட்டறைக் கதவைத் திறந்துவிட்டார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி நின்றது. மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தான். கதவைத் திறந்து, வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன்.

"முடிச்சுட்டியா?"

"இன்னும் இல்லை."

"அன்னிக்கு நாலாவது திருகு வரலைன்னதும் விட்டுடுன்னு சொன்னேன். கேட்டியா நீ?"

அன்றைக்கு அவன் சொன்னது திருகைப் பற்றி இல்லை. ஐந்து மாதம்! "அதை நேரா சொல்றதுக்கு என்னவாம் உனக்கு?" என்றேன்.

கோட்டிலிருந்து ஹீட்டரை எடுத்துக் கொடுத்தேன். என் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "திருகு?"

"நாலும் இருக்கு. இந்தக் குளிர்ல கை வைக்க முடியாது. இழுத்துட்டுப் போய்ப் பட்டறையில மாட்டிடறேன்."

சங்கிலியைக் கோத்துவிட்டு நிமிர்ந்தேன். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"நாலையும் நல்லா இறுக்கிப் பூட்டு, மார்லிஸ். திரும்பக் கழட்ட வேண்டாம்."