யார் என்று கேட்காத உரை

காரைக்கால் மருத்துவ மாநாட்டில் பேச ஒத்துக்கொண்டபோது கார்த்திகேசனின் அக்கா பங்கஜவல்லி உயிரோடு இருந்தாள். அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது அவள் இல்லை. மறுத்திருக்கலாம். சென்னையிலிருந்து கிளம்பும்போது மனைவியும் அதைத்தான் சொன்னாள். மறுப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது. பேசிவிட்டு வருவது அதைவிடச் சுலபமாகப் பட்டது.

அவன் டாக்டருக்குப் படித்தவன். நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிகளைப் பார்க்கப் போனவன். எங்கே தவறு நடக்கிறது, வேலையை எப்படி மாற்றி அமைத்தால் அது மறுபடி நடக்காது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லித் தருவதே அவன் பிழைப்பு.

அக்காவுக்கு நடந்ததும் அவன் ஊர் ஊராகச் சொல்லி வந்ததுதான். ஒரு சாயங்காலம் நெஞ்சு அடைக்கிறது என்றாள். அவள் புருஷன் கைலாசநாதன் தங்கள் ஊரான அம்பகரத்தூரிலிருந்து ஆட்டோ வைத்துக் காரைக்கால் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஈசிஜி எடுத்தார்கள். நர்சுகள் ஷிப்ட் மாறுகிற நேரம். போகிறவள் பேப்பரை மேசைமேல் வைத்தாள். வந்தவள் டாக்டர் பார்த்துவிட்டார் என்று நினைத்தாள். அதே நேரம் வாஞ்சூர் சாலையில் நிலக்கரி லாரி மோதி இரண்டு பேரைத் தூக்கி வந்தார்கள். டூட்டி டாக்டர் ஒரே ஒருவர். வாயுத் தொல்லைக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்த பங்கஜவல்லியை மறுபடி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியத்துக்கு வந்தவனிடம் கைலாசநாதன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"யாரு மாப்ள? ஒரு பேரு சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"விசாரிக்கிறேன் அத்தான்" என்றான். எப்படி நடந்தது என்று காதில் விழுந்திருந்தது. யார் என்று மட்டும் விசாரிக்கவில்லை. ஒரு போன் போதும், தெரிந்துவிடும். அந்த போனை அவன் போடவில்லை.

மாநாடு கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் மாடி ஹாலில். ஏற்பாட்டாளர் நூர் அகமது வாசலிலேயே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேதி கேள்விப்பட்டேன் சார். அல்லா பொறுமையக் குடுக்கணும். முடியலன்னா சொல்லிடுங்க, மேடத்தையே கூட கொஞ்சம் பேசச் சொல்லிடலாம்."

"பரவால்ல. பேசிடறேன்."

மேடம் என்றது நர்சிங் சூப்பரிண்டெண்ட் ஜன்னத்துல் பிர்தௌஸை. முதல் உரை அவருடையது. தங்கள் வார்டில் ஷிப்ட் மாறும்போது எந்தப் பேப்பரையும் மேசையில் விட்டுப் போகக்கூடாது என்று எப்படிப் பழக்கினோம், அதற்கு எத்தனை பேர் முகத்தைச் சுளித்தார்கள் என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். "கையில குடுங்க, வாயால சொல்லுங்க, அவங்க திருப்பிச் சொல்றவரைக்கும் நகராதீங்க" என்றார். ஹால் கைதட்டியது. கார்த்திகேசனும் தட்டினான். நல்ல பேச்சு என்று அவனுக்குத் தெரிந்தது. வேறு யாரோ ஏறவேண்டிய பஸ்ஸுக்கு மைக்கில் அறிவிப்பதைப் போல அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்து நூர் அகமது அவனை அறிமுகப்படுத்தினார். அம்பகரத்தூரில் இருந்த அக்காவைப் பறிகொடுத்த துக்கத்திலும் வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்வார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்றும் ஆகவில்லை. எழுந்து போய்ப் பேசினான். வழக்கமாகச் சிரிக்கும் இடத்தில் சிரித்தார்கள்.

"தப்பு நடந்தா யாருன்னு கேக்காதீங்க. ஏன்னு கேளுங்க. ஆளை மாத்தினா, புதுசா வர்ற ஆளும் அதே எடத்துல அதே தப்பைத்தான் செய்வார்."

வாய் பாட்டுக்குப் பேசியது. அவன் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

சாப்பாட்டு வேளையில் தட்டை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றபோது ஒரு பெண் வந்தாள். பருத்திச் சுடிதார், கழுத்தில் மாநாட்டு அட்டை. முப்பதைத் தொட்டிருக்க மாட்டாள்.

"சார், என் பேரு சிவப்ரியா. அம்பகரத்தூர் அம்மா வந்த அன்னைக்கு கேஷுவால்டியில நாந்தான் டூட்டி டாக்டர். அவங்க உங்க அக்கான்னு மேடையில சொன்னப்பத்தான் தெரிஞ்சுது."

கார்த்திகேசன் கோபத்துக்காகக் காத்திருந்தான். காலில் இடித்துக்கொண்டால் வலி வர ஒரு கணம் ஆகுமே, அப்படிக் காத்திருந்தான். வரவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றான்.

"இல்ல சார்."

"சாப்பிடுங்க."

அவள் நகரவில்லை. "யாருன்னு கேக்காதீங்கன்னு சொன்னீங்க. எங்க ஆஸ்பத்திரில நெஜமாவே யாரும் கேக்கல சார். மறுநாள் வழக்கம்போல வரச் சொன்னாங்க. ஈசிஜி பேப்பர் வைக்கிறதுக்கு ஒரு ட்ரே வாங்கி வச்சாங்க. அவ்வளவுதான். நான் யார்கிட்டயாவது சொல்லணும்."

எதற்கு அப்படிக் கேட்டான் என்று பின்னால் யோசித்தபோதும் அவனுக்குப் புரியவில்லை. "அத்தான் வீட்லதான் இருப்பார். வரீங்களா?" என்று கேட்டுவிட்டான்.

"அடிப்பாரா சார்?"

"தெரியல."

"வரேன்."

அவன் காரில் கோவில்பத்தைத் தாண்டி அம்பகரத்தூர் சாலையில் போனார்கள். சாலைக்கு இருபுறமும் சம்பா நட்டு முடித்திருந்தார்கள். பச்சை கண்ணில் பட்டது, உள்ளே போகவில்லை.

கைலாசநாதன் வாசல் குழாயடியில் வயலுக்கு மருந்தடிக்கிற டேங்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வா மாப்ள. யாரு இது?"

"அன்னைக்கு டூட்டியில இருந்த டாக்டர், அத்தான். சிவப்ரியா."

கைலாசநாதன் குழாயை மூடினார். அவளை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை நாளாக அவர் மனதில் வைத்துச் சபித்துக்கொண்டிருந்த ஆள் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"இதா? சின்னப் புள்ளையால்ல இருக்கு" என்றார்.

சிவப்ரியா கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். "ஈசிஜி எடுத்திருந்தாங்கய்யா. நான் பாக்கல. கேட்டு வாங்கிப் பாத்திருக்கணும். நெஞ்சத் தொட்டுக் காட்டித்தான் சொன்னாங்க. நான் கேஸ் ட்ரபுள்னு நெனச்சு ஊசி போடச் சொல்லிட்டேன்."

லாரியைப் பற்றி அவள் சொல்லவில்லை. ஷிப்ட் மாறியதையோ தனியாக இருந்ததையோ சொல்லவில்லை. கார்த்திகேசனுக்கு அது உறுத்தியது. பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தான்.

"அத்தான், அன்னைக்கு இவங்க ஒருத்தர்தான் இருந்தாங்க. வாஞ்சூர் ரோட்ல அடிபட்டு..."

"நீ சும்மா இரு மாப்ள. அது பேசட்டும்."



கைலாசநாதன் அவளிடம் திரும்பினார். "அவ உங்கிட்ட ஏதாச்சும் பேசுனாளா? என்னைய வெளில நிக்கச் சொல்லிட்டாங்க."

"ஒரு தடவை பேசினாங்க." அவள் கோத்த கைகளைப் பிரித்தாள். "லாரில அடிபட்ட ஒருத்தர் பக்கத்துக் கட்டில்ல வலி தாங்காமக் கத்திக்கிட்டிருந்தார். நான் இவங்ககிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். 'அவரப் போய்ப் பாரும்மா, எனக்கு கேஸுதான்'னாங்க. நான் போயிட்டேன்."

வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"அந்த ஆளு?" என்றார் கைலாசநாதன்.

"பொழச்சிட்டார்."

அவர் மறுபடி குழாயைத் திறந்தார். டேங்க்கில் தண்ணீர் பிடித்து, குலுக்கி, ஓரமாகக் கொட்டினார். மறுபடி பிடித்து மறுபடி கொட்டினார். மருந்து வாடை போகும்வரை கழுவிவிட்டுக் கவிழ்த்து வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நீ வந்தது சரிதாம்மா. ஆனா இனிமே வராத. உன் மொகத்த இன்னொரு தரம் பாக்க என்னால ஆவாது." பிறகு கார்த்திகேசனிடம், "எனக்கு டீ போடத் தெரியாது. கடையில வாங்கிக் குடு அதுக்கு" என்றார்.

பெயரைக் கேட்டு நின்ற மனுஷன், தெரிந்த பிறகு, அடுத்து வந்த மாதங்களிலும் அதை யாரிடமும் சொல்லவில்லை. போலீசுக்குப் போகலாம் என்று சொந்தக்காரர்கள் தூண்டிப் பார்த்தார்கள். "பாத்துக்கலாம்" என்று சொல்லியே நாளைக் கடத்தினார்.

அன்று பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் கார்த்திகேசன் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவளிடம் கொடுத்தான். சிவப்ரியா காருக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று வெளியே நின்றான். தனக்கும் இப்போது வரும் என்று நினைத்தான். அக்காவின் முகத்தைக்கூட வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தான். டீ சூடாக இருந்தது, சர்க்கரை தூக்கல், அது மட்டும் தெரிந்தது.

நூர் அகமது போன் செய்தார். "சார், எங்க இருக்கீங்க? கேள்வி நேரத்துக்கு எல்லாரும் ஒங்களத்தான் கேக்குறாங்க."

"ஆரம்பிச்சிடுங்க. வந்துட்டே இருக்கேன்."

"என்னை ஆஸ்பத்திரில எறக்கி விட்ருங்க சார். டூட்டி இருக்கு" என்றாள் சிவப்ரியா.

"இன்னைக்குமா?"

"இன்னைக்கும் ஒருத்தர்தான்."

அந்த வாசலுக்கு அவன் அதுவரை வந்ததில்லை. அவள் இறங்கி, துப்பட்டாவால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு ஆடி நின்றது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. காவலாளி வந்து ஜன்னலைத் தட்டினார்.

"வண்டிய எடுங்க சார். ஆம்புலன்ஸ் வருது."

கார்த்திகேசன் வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிட்டான்.