தாயே, கொஞ்சம் ஒதுங்கிக்கோ

மகள் எழிலின் சட்டையைக் கழற்றினாள் லாவண்யா. முதுகு முழுக்க நீர் கோத்த கொப்புளங்கள். ஆறு வயதுப் பெண். ரத்தப் புற்றுநோய்க்கு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கீமோ நடந்துகொண்டிருக்கிறது. கொட்டிய முடிகூட இன்னும் முளைக்கவில்லை. "இவளுக்கு அம்மை வந்தா உடனே தூக்கிட்டு வந்துடுங்க. நுரையீரல்ல இறங்கிட்டா எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆட்டோ பிடிக்கலாம் என்று எழுந்து வந்தால், அதற்குள் வாசலில் வேப்பிலை தொங்குகிறது!

கட்டியது நாத்தனார் லோகநாயகி. தாயில்லாத தம்பி கோகுல்நாத்தை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளைக் கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கீமோ தொடங்கிய நாளிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சோறு கட்டிக்கொண்டு ஓடியவள் அவள்தான். ஆனால் திருவேற்காட்டிலேயே பிறந்து, கருமாரி கோயில் கூழ் குடித்து வளர்ந்தவளிடம் போய் அம்மைக்கு ஊசி என்றால் நடக்கிற காரியமா?

"இன்னாம்மா, உனக்கு புத்தி கித்தி பிசகிப்போச்சா? ஆத்தா எறங்கிகீறா. அவள ஊசியால குத்துவியா? கோச்சுக்கினா புள்ளைய இட்டுகினு பூடுவா!"

"அண்ணி, இவ மத்த புள்ளைங்க மாதிரி இல்ல. ஒடம்புல சக்தியே கிடையாது."

"அத்தினி மருந்து ஏத்தி இன்னாத்த கண்டோம்? இப்ப அவளே பாக்க வந்துகீறா. தலைக்கு மூணு தண்ணி ஊத்தினா எறங்கிப் போயிடுவா. சும்மா இரு."

கோகுல்நாத்துக்கு என்ன வந்தது? அம்பத்தூர் கம்பெனியில் ஒரு ஷிப்டையே அதட்டி வேலை வாங்குகிறவன், வீட்டுக்குள் வந்தால் வாயில் கொழுக்கட்டை. அக்காவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "சாயங்காலம் வரிக்கும் பாப்போம்" என்றான். பார்ப்பானாமே! லாவண்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதிலிருந்து அந்த வீட்டில் எழிலுக்குப் பேர் கிடையாது. 'தாயே'தான். வேப்பிலைமேல் படுக்க வைத்து, வேப்பிலையாலேயே விசிறினாள் அத்தை. இளநீர் கேட்டால் இளநீர், செல்போன் கேட்டால் செல்போன். ஆத்தா வாய் திறந்து கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாதாம். குழந்தைக்கு இது விளையாட்டாக இருந்தது. லாவண்யாவுக்கு அதில்தான் ஒரு யோசனை வந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து கைகூப்பினாள்.

"தாயே, உங்களுக்கு என்ன வேணும்? டாக்டரம்மாகிட்ட போலாமா?"

எழில் மிரண்டு போய்ப் பார்த்தாள். "ஊசி வேணாம். நான் வர மாட்டேன்."

லோகநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கேட்டுக்கினியா? ஆத்தா வாயாலயே வந்துடுச்சு!"

ஆட்டோவுக்காகப் போனைக் கையில் எடுத்திருந்த கோகுல்நாத் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பாவி மகள் லாவண்யா, மனசு மாற இருந்தவனையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது அவளுக்கு.

வெயில் சாய்வதற்குள் இருமல் தொடங்கியது. வறட்டு இருமல். ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலாவில் குழி விழுந்தது. லாவண்யா இனி யாரையும் கேட்கவில்லை. போர்வையோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். வாசலை மறித்து நின்றாள் லோகநாயகி.

"அண்ணி, ஆத்தாவுக்கு ஊரு பூரா புள்ளைங்க. எனக்கு இவ ஒருத்திதான். வழி விடுங்க."

லோகநாயகி அசையவில்லை. எழில் மறுபடி இருமினாள். உதடு நீலம் பாரித்தது. கோகுல்நாத் எழுந்து வந்தான்.

"அக்கா, நவுரு."

பிறந்ததிலிருந்து அவளிடம் அவன் அப்படிப் பேசியதில்லை. அவள் நகர்ந்தாள். ஆனால் ஆட்டோ கிளம்புகிற நேரத்தில் ஒரு கொத்து வேப்பிலையோடு ஓடி வந்து ஏறிக்கொண்டாள். "ஆத்தாவத் தனியா அனுப்பக் கூடாது" என்றாள். கோயம்பேடு நெரிசலில் வண்டி நின்று நின்று ஊர்ந்தது. "கோச்சுக்காத தாயே, கோச்சுக்காத" என்று வழியெல்லாம் விசிறிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் தனி அறைக்குள் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். முகம் இறுகிவிட்டது.

"மருந்தை இப்பவே நரம்புல ஏத்தணும். நெஞ்சுல இறங்க ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு மூணு நாள் தாண்டணும், அதுக்கு முன்னாடி நான் எதுவும் சொல்ல முடியாது. ஏங்க, காலையிலேயே வந்திருக்கக் கூடாதா?"

நர்ஸ் எழிலின் கையைத் தடவி நரம்பு தேடினாள்.

கீமோவில் நொந்த கை, நரம்பு அகப்படவில்லை. எழில் உதறினாள். கோகுல்நாத் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிடிக்கப் போன லாவண்யா, குழந்தை வீறிட்டதும் பிடியை விட்டுவிட்டாள். நர்ஸ் ஊசியோடு நிமிர்ந்து, "யாராவது கெட்டியாப் பிடிங்கம்மா!" என்று அதட்டினாள்.

"அத்த, வேணாம்னு சொல்லு! நான்தானே சாமி? நான் சொன்னா கேக்கணும்ல?" என்று மூச்சு வாங்கக் கதறியது குழந்தை.

லோகநாயகி வேப்பிலையோடு அப்படியே நின்றாள். பிறகு கொத்தைத் தலையணைக்கடியில் செருகினாள்.

"தாயே, மன்னிச்சுக்கோ. கொஞ்சம் ஒதுங்கிக்கோ" என்று முணுமுணுத்தாள். குனிந்து அந்தச் சின்னக் கையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

"எழிலு! கைய ஆட்டாதடி!"

தன் பேரைக் கேட்டதும் குழந்தை அத்தையை நிமிர்ந்து பார்த்தது. அதற்குள் ஊசி இறங்கிவிட்டது.