ஆறு எண்ணும் இரண்டு அங்குலமும்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தையல் கடை இருக்கிறது. அளவு எடுப்பது டெய்லரம்மா, துணி வெட்டுவது அவர் வீட்டுக்காரர். தெருவுக்கே அவர் கட்டிங் மாஸ்டர். டெய்லரம்மாவுக்கு மட்டும் 'இந்தாங்க'. நான் மாடியில் குடியிருப்பவள். அன்று காலை பத்தரை மணிக்கு ஒரு வெள்ளைப் பட்டன் வாங்கலாம் என்று கீழே இறங்கினேன். என் சட்டைகளில் எல்லாப் பட்டனும் இருந்தன. ஒன்று விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனைதான். அதற்கு முன்னால் டெய்லரம்மாவின் குரல் மாடிவரை கேட்டது என்பதும் உண்மை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மாஸ்டர் காதில் விழுந்த அளவுக்கு நூல் பிசகாமல் வெட்டுவார். தையலுக்கு இவ்வளவு, கை அசைக்க இவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பதெல்லாம் அவர் இலாகா இல்லை. கல்யாணமான புதிதில் அப்படி வெட்டிய ஒரு சட்டை, போட்டுக்கொண்டவர் தும்மியதும் இரண்டாகப் பிரிந்துவிட்டதாம். அன்றிலிருந்து டெய்லரம்மா எந்த அளவைச் சொன்னாலும் இரண்டு அங்குலம் கூட்டித்தான் சொல்வார். நாடா முப்பது காட்டினால் வாய் முப்பத்திரண்டு சொல்லும். இருபது வருடமாக இதுதான் நடக்கிறது. இரண்டு பேருக்கும் இது ஒரு பழக்கம் என்பதே மறந்துபோய்விட்டது.

"இந்தாங்க, நர்ஸு ஏதோ அனுப்பிருக்கா. நம்ம நம்பருக்கு ஆறு எண் வந்திருக்காம். தெரியாம அனுப்பிட்டாளாம். உடனே சொல்லணுமாம்" என்றார் டெய்லரம்மா.

நர்ஸ் என்பது மூன்றாவது வீட்டுப் பெண். இரண்டு செட் வெள்ளை யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்திருந்தாள். துணி வந்து பதினெட்டு நாள் ஆகியும் கத்தரி அதன் பக்கம் போகவில்லை.

"அவதான் எப்பவும் பேசி அனுப்புவாளே, இன்னைக்கு என்ன டைப் அடிக்கிறா?" என்றேன். அடுத்தவர் ஃபோனை எட்டிப் பார்க்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். பார்வை தானாகப் போனால் நான் என்ன செய்ய?

"தொண்டை கட்டிருக்காம், மாடியக்கா. பாவம், ராத்திரி டியூட்டி."

அந்த ஃபோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அந்த நம்பர்தான் பெயர்ப்பலகை. பதினோரு வருட வாடிக்கையாளர்கள், அவர்கள் அனுப்பிய மாதிரிப் படங்கள், பேசிப் பதிந்த அளவுகள், வாங்கிய ஆர்டர்கள் எல்லாம் அந்த மெசேஜ் கணக்குக்குள்தான் இருந்தன. அது கைவிட்டுப் போனால் கடையில் மிச்சம் இரண்டு மெஷினும் ஒரு இஸ்திரிப் பெட்டியும்தான்.

எண் உண்மையாகவே வந்திருந்தது. 363238. டெய்லரம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பாருங்களேன், நெஞ்சு, இடுப்பு, பின்பக்கம்னு வரிசையா அளவு மாதிரியே வந்திருக்கு!"

அவருக்கு டைப் அடிக்க வராது. ஃபோனில் பேசிப் பதியும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இருபது வருடமாக மாஸ்டருக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னார்: "முப்பத்தெட்டு... முப்பத்திநாலு... நாப்பது. எழுதிக்கிட்டியாம்மா?"

போய்ச் சேர்ந்தது. நான் பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் ஒரு கால்சட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: தப்பாக இருக்கிறது, மறுபடி பாருங்கள் அக்கா, சீக்கிரம்.

"தப்பா? பார்த்துத்தானே சொன்னேன்!" மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் பட்டன், மறுபடியும் முப்பத்தெட்டு, முப்பத்திநாலு, நாற்பது. மறுபடியும் தப்பு.

மாஸ்டர் கத்தரியை நிறுத்தாமலே கேட்டார். "அங்க என்ன போட்டிருக்கு?"

"முப்பத்தாறு, முப்பத்திரண்டு, முப்பத்தெட்டு."

"நீ என்ன சொன்னே?"

டெய்லரம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஐயய்யோ, ரெண்டு ரெண்டு கூட்டிச் சொல்லிட்டேனா!"

"ஃபோனுக்கும் தையலுக்கு விட்டியா? நல்ல வேளை, எட்டுக்குப் பட்டன் வைக்கலை" என்றார் மாஸ்டர். நான் சிரித்ததில் பட்டன்கள் தரையில் உருண்டன.

டெய்லரம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பெண்ணை இரண்டு முறை அலையவிட்டோம், இதில் அவள் துணி வேறு பதினெட்டு நாளாக மூட்டையில் கிடக்கிறது என்ற குற்ற உணர்வு. சரியான எண்ணைச் சொல்லுமுன் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பட்டனை அழுத்தினார். "கோச்சுக்காதேம்மா, இப்ப சரியாச் சொல்லிடுறேன். உன் யூனிஃபார்மும் இன்னும் வெட்டலை. வேலை நெருக்கடி. இந்த வாரமும் கஷ்டம்தான், தப்பா நினைக்காதே."

பதில் உடனே வந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"பரவாயில்லைக்கா. அவசரமே இல்லை. எப்ப முடியுதோ அப்ப குடுங்க. முதல்ல அந்த நம்பரை அனுப்புங்க."

கத்தரி நின்றது. அந்தக் கத்தரி வேலை நேரத்தில் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"என்னது? இன்னொரு தடவை படி" என்றார் மாஸ்டர்.

"அவசரமே இல்லைன்னு..."

"அவளா சொல்றா? நேத்து சாயங்காலம் வாசல்ல நின்னு, 'மாஸ்டர், நான் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள ஒரு செட்டாவது போட்டுப் பார்த்துடுவேனா'ன்னு கேட்டவ அவ. இருபது வருஷத்துல ஒரு கஸ்டமர், ஒரே ஒரு கஸ்டமர், நம்மகிட்ட அவசரமில்லைன்னு சொல்லியிருக்காங்களா?"

டெய்லரம்மா யோசித்தார். நானும் யோசித்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. என் இரவிக்கை ஒன்றும் அந்த மூட்டையில்தான் கிடந்தது. நானே மூன்று முறை கத்தியிருக்கிறேன்.

"இது அவ இல்லை. வேற எவனோ. ஃபோனைக் கீழ வை" என்றார் மாஸ்டர்.

கீழே வைக்குமுன் நான் வாங்கி அந்த எண் வந்த செய்தியை முழுவதும் படித்தேன். எண்ணுக்கு அடியில் இன்னொரு வரி இருந்தது. இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. டெய்லரம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்தால் ஒரு வரிக்குமேல் படிக்கமாட்டார் என்பது அதை அனுப்பியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அதற்குள் ஒரு ஃபோன் அழைப்பு வந்தது. தெரியாத எண். ஆண் குரல், கொஞ்சம் கட்டை. மெசேஜ் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறாராம். "மேடம், உங்க கணக்குல தப்பு நடந்திருக்கு. பத்து நிமிஷத்துல மூடிடுவோம். உங்களுக்கு வந்த ஆறு எண்ணைச் சொன்னா காப்பாத்திடலாம்."

டெய்லரம்மாவின் முகம் வெளுத்தது. மூடிவிடுவார்கள் என்ற ஒரு சொல் போதும் அவருக்கு. பதினோரு வருடம் கண்ணுக்கு முன்னால் ஓடியிருக்கும். உதடு 'முப்ப' என்று கூட ஆரம்பித்துவிட்டது.

மாஸ்டர் கையை நீட்டி ஃபோனை வாங்கினார். "சார், உங்க ஆபீஸ் எண்ணு உங்களுக்குத் தெரியாதா? நீங்க அனுப்பின எண்ணை நீங்களே எங்ககிட்ட கேக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். கத்தரியை எடுத்து வேகமாக ஒரு வெட்டு வெட்டினார். கால்சட்டையின் இடது கால் வலது காலைவிடச் சற்றுக் குட்டையாகிப்போனது அந்த வெட்டில்தான். அதை அவர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

"மூடிட்டா?" என்றார் டெய்லரம்மா.

"மூடட்டும், பார்ப்போம்."

பத்து நிமிடம் மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் மூடவில்லை. பிறகு டெய்லரம்மா நர்ஸை மெசேஜில் அல்லாமல் சாதாரண ஃபோன் அழைப்பில் கூப்பிட்டார். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த குரல். தொண்டை கட்டவே இல்லை.

"என்னக்கா, யூனிஃபார்ம் ரெடியா?"

விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. முந்தின நாள் அவளுடன் படித்த ஒருத்தியின் பெயரில் இதே மாதிரி ஒரு எண் கேட்டு வந்ததாம். டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் சொல்லிவிட்டாளாம். அதற்கப்புறம் மெசேஜ் எதுவும் திறக்கவில்லையாம், நெட் வேலை செய்யவில்லை என்று நினைத்துப் படுத்துவிட்டாளாம். அவள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ ஒருவன் அவள் படத்தை வைத்துக்கொண்டு அவளுடைய எல்லோரிடமும் அக்கா, தம்பி என்று குழைந்துகொண்டிருந்திருக்கிறான்.

அன்று மதியமே டெய்லரம்மா ஃபோன் கடைக்காரனிடம் போய்க் கணக்குக்கு இன்னொரு ரகசிய எண் போட்டுக்கொண்டார். இனி அந்த ஆறு எண் யார் கையில் கிடைத்தாலும் அது மட்டும் போதாது என்றான் அவன். என்ன எண் போட்டார் என்று நான் கேட்டேன். "உங்ககிட்ட சொன்னா நோட்டீஸ் அடிச்சு ஒட்டின மாதிரி மாடியக்கா" என்றுவிட்டார். நான் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு இலக்கம் இல்லை, ஆறு என்பதுவரை எனக்கே தெரிந்துவிட்டது.

நர்ஸும் சாயங்காலத்துக்குள் தன் கணக்கை மீட்டுவிட்டாள். மீட்டதும் எல்லோருக்கும் 'இப்போது நான்தான் பேசுகிறேன்' என்று அனுப்பினாள். அங்கேதான் சிக்கல். நான் அதற்குள் தெரு முழுக்க விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தேன்; ஒருவரும் நம்பவில்லை. அவளுடைய வீட்டுக்காரரே 'யாருடா நீ, போலீஸுக்குப் போறேன்' என்று பதில் போட்டார். கடைசியில் அவள் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி முகத்தைக் காட்டிவிட்டு வந்தாள்.

அந்தப் பழக்கம் தெருவுக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது ஏணி இரவல் வேண்டுமென்றால்கூட யாரும் மெசேஜை மதிப்பதில்லை, நேரில் வா என்கிறார்கள். எல்லோரும் எங்கள் கட்டட வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். நான்கு நாளாக எனக்கு ஃபோனை எடுத்துப் பார்க்கவே நேரமில்லை.